கணினித் தரவில் தமிழ்ப் பொழுதுப்பெயர்கள்: பழவேற்காட்டு ஏரிக்கரையை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கைப்பேசியும் உலாவியும் நேரத்தைத் தமிழில் காட்டுவதற்கு ஒருங்குறிச் சேர்த்தியத்தின் பொது வட்டாரத் தரவுக் களஞ்சியத்தையே (சி.எல்.டி.ஆர்.) பெரிதும் நம்பியுள்ளன. அக்களஞ்சியம் தமிழ்ப் பொழுதுப்பெயர்களுக்கு மாறாத மணி எல்லைகளை வகுத்துள்ளது. அவ்வகுப்பை இக்கட்டுரை ஒரு பனுவலாகக் கொண்டு மதிப்பிடுகிறது. சொற்கள் தமிழாக இருந்தும் சொல்லுக்கும் நாளுக்கும் உள்ள உறவு தமிழாக இல்லை என்பதும், இதனால் நேரும் பொருள்மயக்கம் இரவில் தொழில் செய்வோரையே முதலில் தாக்கும் என்பதும் பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த மீனவ ஊர்களின் நிலைகொண்டு காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பொழுதுப்பெயர், சிறுபொழுது, வட்டாரத் தரவு, நெய்தல், பழவேற்காடு, இரவுத் தொழில்

ஏரியும் தரவும்

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்துச் சுண்ணாம்புக்குளமும், பொன்னேரி வட்டத்துப் பழவேற்காடும், அவற்றைச் சூழ்ந்த குப்பங்களும் இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியின் தென்பகுதியில் அமைந்தவை. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கிறது. தமிழும் தெலுங்கும் ஒரே நீர்ப்பரப்பில் வழங்குகின்றன. கதிரவன் எழுவதும் விழுவதும் இரு மொழியினர்க்கும் ஒரே நேரத்தில்தான்.

எனினும் விடியலுக்கு முந்திய 4 மணியை, பொழுதுப்பெயரோடு காட்டும்படி அமைக்கப்பட்ட ஒரு தமிழ்க் கைப்பேசி ‘அதிகாலை’ என்று எழுதும். அருகிலுள்ள படகில் தெலுங்கில் அமைக்கப்பட்ட கைப்பேசி ‘ராத்ரி’ என்று எழுதும். இருவரும் ஒரே இருட்டில்தான் இருக்கிறார்கள். இரு மொழியினரின் கால உணர்வு வேறுபட்டது என்பதற்கு இது சான்றாகாது. தெலுங்கிலும் விடியலுக்கு முந்திய நேரத்தைக் குறிக்கச் சொற்கள் உண்டு. தெலுங்குத் தரவை அளித்தோர் நாளை நான்கு துண்டுகளாகவும், தமிழ்த் தரவை அளித்தோர் ஏழு துண்டுகளாகவும் வெட்டியிருக்கிறார்கள் என்பதே வேறுபாட்டின் காரணம்.

சி.எல்.டி.ஆர். தரவின் முதற்பதிப்பு 2003ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்தது. 2004இல் அது ஒருங்குறிச் சேர்த்தியத்தின் பொறுப்பில் வந்தது. பெருநிறுவனங்களின் மொழிப்பணியாளர்களும் தன்னார்வலர்களும் இணையவழியில் சொற்களை முன்மொழிந்து வாக்களிக்கும் முறையில் இது வளர்கிறது. இயங்குதளங்களும் உலாவிகளும் இத்தரவைத் தம்முள் இணைத்துக்கொள்வதால், ஒரு மொழிக்கு ஒரு கட்டத்தில் இடப்பட்ட சொல் பல கோடிக் கருவிகளில் தோன்றுகிறது. தமிழ் அகராதி எதற்கும் இத்தகைய பரவல் வாய்த்ததில்லை. அகராதிகளுக்குத் தமிழில் மதிப்புரைகள் பல எழுதப்பட்டுள்ளன. இத்தரவும் அத்தகைய மதிப்புரைக்கு உரியது.

தரவின் அமைப்பு

நேரத்தைப் பெயரோடு காட்ட இத்தரவில் இரு வழிகள் உள்ளன. முதலாவது, நாளை இரண்டாகப் பிரித்து முற்பகல், பிற்பகல் என்று குறிப்பது. இரண்டாவது, மொழிக்கு மொழி வேறுபடும் பொழுதுப்பெயர்களால் குறிப்பது. இரண்டாம் வழியில் தமிழுக்கு அமைந்த பகுப்பு வருமாறு: 3 முதல் 5 மணி வரை அதிகாலை, 5 முதல் 12 வரை காலை, 12 முதல் 14 வரை மதியம், 14 முதல் 16 வரை பிற்பகல், 16 முதல் 18 வரை மாலை, 18 முதல் 21 வரை அந்தி மாலை, 21 முதல் மறுநாள் 3 வரை இரவு. இவையன்றி, சரியாக 00:00 மணிக்கு நள்ளிரவு, சரியாக 12:00 மணிக்கு நண்பகல்.

பாராட்டத்தக்கவை இதில் உள்ளன. பொழுதுப்பெயர் எண்ணுக்கு முன் வருவது தமிழ் வழக்கோடு ஒத்தது, ‘காலை 6.30’ என்பதே தமிழ், ‘6.30 காலை’ அன்று. அதிகாலைக்குத் தனியிடம் தந்ததும் நன்று. இலங்கைத் தமிழுக்கு 24 மணி முறையே இயல்பாக அமைக்கப்பட்டிருப்பது, ஒரு மொழியின் வட்டாரங்கள் வேறுபடலாம் என்பதைத் தரவு அறிந்திருப்பதைக் காட்டுகிறது. ‘மணி’ என்னும் சொல் விடுபட்டதும், நாளிதழ்கள் இடும் முற்றுப்புள்ளிக்கு மாறாக முக்காற்புள்ளி வருவதும் சிறு குறைகளே.

ஒரு சொல், இரு அளவு

முதற்குறை ‘பிற்பகல்’ என்னும் சொல்லில் உள்ளது. இருபாற் பிரிப்பில் அது நண்பகல் முதல் நள்ளிரவு வரையுள்ள 12 மணி நேரத்தைக் குறிக்கிறது. பொழுதுப்பெயர் வரிசையில் 2 மணி நேரத்தை மட்டும் குறிக்கிறது. ஒரே தரவில், ஒரே மொழியில், ஒரே சொல்லுக்கு ஆறுமடங்கு வேறுபட்ட இரு அளவுகள்.

இதன் வேர் மொழிபெயர்ப்பில் உள்ளது. ஆங்கிலம் இலத்தீனிலிருந்து பெற்ற இரு சுருக்கங்கள், கதிரவன் உச்சிக்கு வருவதை நடுவாகக் கொண்டு முழுநாளையும் இரண்டாக்குபவை. அவற்றை ஆள்வோர் பெரும்பாலும் சொற்பொருளை எண்ணுவதில்லை. வெறும் குறியாகவே கொள்கின்றனர். தமிழில் அவற்றுக்கு நிகராக இடப்பட்ட முற்பகலும் பிற்பகலும் குறிகள் அல்ல. ‘பகல்’ அவற்றுள் உயிரோடு நிற்கிறது. ஆகவே ‘பிற்பகல் 9:00’ என்பதில் இரவும், ‘முற்பகல் 2:00’ என்பதில் நடுச்சாமமும் பகலாகிவிடுகின்றன. தமிழ்ப் பேச்சிலோ ஏட்டிலோ எவரும் நள்ளிரவு கடந்து இரண்டு மணி நேரத்தை முற்பகல் என்பதில்லை. ஆங்கிலச் சுருக்கங்களைத் தமிழெழுத்தில் அப்படியே எழுதியிருந்தாலும் இத்துணைப் பிழை நேர்ந்திராது. தூய சொல்லைத் தேடும் முயற்சி பொருளைப் பிழைபடுத்திய இடம் இது.

நள்ளிரவு, நண்பகல் என்னும் இரண்டும் வேறு வகையில் சுருங்கியுள்ளன. ‘நள்’ என்பது நடு, செறிவு என்னும் பொருளது. நள்+இரவு, நள்+பகல் என்னும் இணை, இரவின் நடுப்பகுதியையும் பகலின் நடுப்பகுதியையும் குறிப்பது. தரவில் இவ்விரண்டும் ஒரு நிமிடப் புள்ளிகளாகிவிட்டன. 12:00 நண்பகல், 12:01 மதியம். ஆங்கிலத்திற்கு இப்புள்ளி தேவைப்பட்டது, பன்னிரண்டு மணிக்கு எந்தச் சுருக்கத்தை இடுவது என்னும் குழப்பத்தைத் தீர்க்க. அத்தேவை தமிழுக்கு இல்லை. ‘பகல் 12 மணி’, ‘இரவு 12 மணி’ என்பதில் குழப்பம் எதுவும் இல்லை.

சிறுபொழுதின் நினைவு

தொல்காப்பியம் ஐந்திணைக்கும் சிறுபொழுது வகுத்து, நெய்தலுக்கு எற்பாட்டை உரிமையாக்கியது. பிற்காலப் பாடநூல்கள் நாளின் 60 நாழிகையை ஆறாகப் பகுத்து, பொழுதொன்றுக்குப் பத்து நாழிகை, அதாவது 4 மணி நேரம், என்று பட்டியலிட்டன. காலை 6 முதல் 10, நண்பகல் 10 முதல் 2, எற்பாடு 2 முதல் 6, மாலை 6 முதல் 10, யாமம் 10 முதல் 2, வைகறை 2 முதல் 6. இப்பட்டியலைப் பள்ளியில் மனப்பாடம் செய்யாத தமிழ் மாணவர் அரியர்.

இதனைக் கணினித் தரவோடு ஒப்பிட்டால் வியப்பான முடிவு கிட்டுகிறது. பள்ளிப் பட்டியலின் மாலையும் தரவின் மாலையும் ஒரு நிமிடம்கூட ஒன்றன்மேல் ஒன்று படிவதில்லை. ஒன்று 6 மணிக்குத் தொடங்குகிறது; மற்றொன்று 6 மணிக்கு முடிகிறது. இன்றைய வழக்கு தரவின் பக்கம் நிற்பதை மறுக்க இயலாது. ‘மாலை 5 மணிக்குக் கூட்டம்’ என்பதே இன்றைய தமிழ். ஆனால் 6 மணிக்குப் பிந்தியதை ‘அந்தி மாலை’ என்று 9 மணிவரை நீட்டியது இன்றைய வழக்கும் அன்று, பழைய வழக்கும் அன்று. அந்தி என்பது பகலும் இரவும் சந்திக்கும் குறும்பொழுது. மலையாளத் தரவு ‘சந்தியா’வுக்கு 6 முதல் 7 வரை ஒரு மணி நேரமே அளித்திருக்கிறது. தமிழ்த் தரவு அதன் மூன்று மடங்கை அளித்து, ‘அந்தி மாலை 8:45’ என்று எழுத வைக்கிறது. பழவேற்காட்டில் ஆண்டின் எந்நாளிலும் மாலை 6.40க்குப் பின் கதிரவன் வானில் இருப்பதில்லை. 8:45க்கு அந்தியைத் தேடுவோர் காண்பது விண்மீன்களையே.

பள்ளிப் பட்டியலே பொழுதைக் கடிகாரத்தில் அடைத்த பின்னாளைய ஏற்பாடு என்பதும் கருதத்தக்கது. எற்பாடு எது என்பதில் உரைகாரரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ‘எல்’ கதிரவன், ‘பாடு’ படுதல், சாய்தல் எனக் கொண்டு கதிர் சாயும் பொழுது என்பர் பலர். தோன்றுதல் எனக் கொண்டு கதிர் எழும் பொழுது என்றாரும் உளர். கடலோடு தொழில் செய்வோர்க்குக் கதிர் சாயும் வேளையும் எழும் வேளையும் ஒருங்கே முதன்மையானவை என்பதை நோக்க, இம்மயக்கம் பொருளற்றதன்று. பொழுதுப்பெயர் ஒளியோடு பிணைந்த சொல். அதற்கு மணி எல்லை பின்னர் வந்து சேர்ந்தது.

ஒளியும் கடிகாரமும்

அவ்வெல்லை எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். பழவேற்காடு கிழக்கு நெடுவரை ஏறத்தாழ 80.3 பாகையில் உள்ளது. இந்திய நேரம் 82.5 பாகையைக் கொண்டது. ஆகவே ஏரியின் உச்சிப்பொழுது சராசரியாகக் கடிகாரத்தின் 12 மணிக்கு 9 நிமிடம் பிந்துகிறது. கதிரெழுகை மே இறுதியில் சுமார் 5.40, சனவரி இறுதியில் சுமார் 6.35. தரவின்படி ‘காலை’ ஆண்டு முழுவதும் 5 மணிக்கே பிறக்கிறது. சனவரியில் அது கதிரெழுகைக்கு ஒன்றரை மணி நேரம் முந்தியது. ‘அதிகாலை 5.30’ என்று எல்லாரும் சொல்லும் நேரத்தைத் தரவு ‘காலை 5:30’ என்கிறது.

இக்குறையை ஆண்டு சுழற்சிக்கேற்ப எல்லையை நகர்த்தித் தீர்க்க வேண்டும் என்பதில்லை. பேசுவோரும் அவ்வளவு நுட்பமாக நகர்த்துவதில்லை. கதிர் எழாத நேரத்தைக் காலை என்பதினும் எழுந்த பின்னும் சிறிது நேரம் அதிகாலை என்பது தமிழ்க் காதுக்கு உறுத்தாது. ஆகவே எல்லை 6 மணிக்கு நகர்வதே வழக்கோடு ஒக்கும்.

ஏரித்தொழிலோ கடிகாரத்தோடும் ஒளியோடும் மட்டும் ஒத்துச் செல்வதில்லை. கடலோதம் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்திற்கு ஒருமுறை ஏறுவதால், நாள்தோறும் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. மணல் தூர்ந்து குறுகும் முகத்துவாரத்தின் வழியே படகு செல்லவும், நீரோட்டத்தில் இறால் இறங்கவும் இந்நேரமே கணக்கு. இன்று இரவின் தொடக்கத்தில் நேர்ந்த நீர்வற்றம் ஒரு வாரத்தில் நள்ளிரவைத் தாண்டிவிடும். ஆகவே இங்குத் தொழில் செய்வோரின் நேரக் குறிப்புகள் இரவின் எல்லா மூலைகளுக்கும் செல்கின்றன. அலுவலக நேரத்தில் மட்டும் கைப்பேசியைப் பார்ப்பவர் தரவின் பிழைகளை ஒருகாலும் சந்திக்காமல் போகலாம். காலை 10, பிற்பகல் 3, மாலை 5 ஆகியன சரியாகவே வரும். தரவுக்கு வாக்களித்தோரும் பெரும்பாலும் அவ்வேளைகளில் விழித்திருந்தோராகலாம் என்று கருதத் தோன்றுகிறது.

நள்ளிரவில் உடையும் இரவு

மேற்கண்டவை சொல்லின் குறைகள். இனிக் கூறுவது கேடு விளைக்கக்கூடியது.

தரவின் ‘இரவு’ 21 மணிக்குத் தொடங்கி மறுநாள் 3 மணிக்கு முடிகிறது. ஆனால் தேதி 00:00 மணிக்கே மாறிவிடுகிறது. ஆகவே ஒரு தேதிக்கு இரு இரவுகள் அமைகின்றன: அத்தேதியின் தொடக்கத்தில் மூன்று மணி நேரம், முடிவில் மூன்று மணி நேரம். ‘15ஆம் தேதி இரவு 2:00’ என்று கருவி எழுதினால், அது 14ஆம் தேதி படுத்தவர் விழிக்குமுன் வரும் 2 மணி. தமிழில் அதைப் படிப்பவரோ 15ஆம் தேதிப் பகல் முழுதும் கழிந்து, அந்நாள் இரவில் வரும் 2 மணி என்றே கொள்வார். இடைவெளி 24 மணி நேரம். நள்ளிரவு கடந்து புறப்படும் தொடர்வண்டியில் இடம் பதிவுசெய்துவிட்டு ஒருநாள் பிந்தி நிலையத்திற்கு வந்து நிற்போரின் கதை தமிழகத்தில் அனைவரும் அறிந்தது; அதன் இலக்கணம் இதுவே.

தமிழரின் நாள் விடியலில் தொடங்குகிறது. பஞ்சாங்கம் கிழமையைக் கதிரெழுகையிலிருந்து கணக்கிடுகிறது; பேச்சும் அவ்வாறே. இரவு என்பது கழிந்த பகலுக்கு உரிய வால். அதை முன்னோக்கித் திருப்ப வேண்டுமாயின் தமிழ் தனியே ஒரு சொல்லைச் சேர்க்கிறது: ‘வியாழன் இரவு, விடிந்தால் வெள்ளி’. இத்தொடர் அலங்காரம் அன்று. மயக்கம் நேரும் இடத்தில் மொழி தானே இட்டுக்கொண்ட காப்பு. சுவாகிலி மொழியினர் இதைவிட ஒருபடி மேலே சென்று மணியையே விடியலிலிருந்து எண்ணுகின்றனர். காலை 7 மணி அவர்க்கு முதல் மணி. அவ்வெண்ணிக்கைக்குக் கணினித் தரவில் இடமில்லை. ஆனால் அவர்களின் எண் வேறுபட்டிருப்பதால் முரண் கண்ணுக்குத் தெரிகிறது. தமிழில் எண் ஒன்றே, சொல்லும் ஒன்றே. நாள் மட்டும் வேறு. ஆகவே முரண் மறைந்து நிற்கிறது.

ஏரிக்கரையிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சந்திரயான்-2 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்படுவதாக முதலில் அறிவிக்கப்பட்ட நேரம் 2019 சூலை 15, திங்கட்கிழமை, 02:51 மணி. தொழில்நுட்பக் கோளாற்றால் அம்முயற்சி ஏவலுக்கு 56 நிமிடம் இருக்கையில் நிறுத்தப்பட்டது; பின்னர் சூலை 22 அன்று 14:43 மணிக்கு ஏவப்பட்டது. ஏவுநாள்களில் பழவேற்காட்டுப் பகுதி மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்படுவது வழக்கம். எனவே ஏவுநேரம் இக்கரையில் வெறும் செய்தியன்று. அம்முதல் நேரத்தை இருபாற் பிரிப்பு ‘15 சூலை முற்பகல் 2:51’ என்று எழுதும். பொழுதுப்பெயர் விதி ‘15 சூலை இரவு 2:51’ என்று எழுதும். முன்னது நகைப்பிற்குரியது, ஆயினும் பகல் என்ற சொல்லைக் கண்டு படிப்பவர் திகைத்து நின்று மீண்டும் பார்ப்பார். பின்னது இயல்பான தமிழாக ஒலிப்பதால் எவரும் ஐயுறார்; திங்கள் இரவுக்குக் காத்திருப்பார். தமிழ் நாளிதழ்களின் நடை இங்கு ‘திங்கட்கிழமை அதிகாலை 2.51 மணி’ என்பதாகும். ‘அதிகாலை’ என்ற ஒரு சொல் நேரத்தை வரும் விடியலோடு கட்டி, கிழமையை ஐயமின்றி நிறுத்துகிறது. இரண்டாம் ஏவலின் 14:43 மணிக்கோ எல்லா முறைகளும் ‘பிற்பகல் 2:43’ என்று ஒன்றுபடுகின்றன.

கடல்நிலை எச்சரிக்கைகளிலும் இதே இடர் உண்டு. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் உயரலை எச்சரிக்கைகளை 17:30 மணி முதல் 23:30 மணி வரை என்பது போன்ற வடிவில் வெளியிடுகிறது. உலகப் பொதுநேரத்தின் 12, 18 மணிகளை இந்திய நேரத்திற்கு மாற்றியதால் அமைந்த அரைமணிகள் இவை. 24 மணி முறையில் இருக்கும்வரை மயக்கம் இல்லை. இவற்றைத் தமிழாக்கும் செயலியோ குறுஞ்செய்தியோ தரவின் விதியை அப்படியே பின்பற்றினால், 23:30 இரவு 11:30 ஆகச் சரியாக வரும். பொதுநேர 20 மணிக்குரிய 01:30 மட்டும் மறுதேதியின் ‘இரவு 1:30’ ஆகி, எச்சரிக்கை ஒருநாள் நீண்டதாகவோ ஒருநாள் தள்ளியதாகவோ படிக்கப்படும். நீண்டதாகப் படித்தால் ஒருநாள் வருவாய் போகும். எச்சரிக்கை தொடங்கும் நேரத்தைத் தள்ளிப் படித்தால் போவது வருவாய் மட்டும் அன்று.

ஏரியின் ‘பாடு’ முறையும் இங்குக் கருதத்தக்கது. நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம், கோட்டைக்குப்பம் ஆகிய ஊர்களில் மீன்பிடி இடங்கள் சீட்டுக்குலுக்கல் வழியாக முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளப்படுவதை ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்துள்ளனர். யாருடைய முறை, எந்த இடம், எந்த நாள் என்பது அங்கு உரிமை பற்றிய வினா. அத்தகைய ஏற்பாட்டைச் செயலியில் பதிய முனையும் எவரும், நள்ளிரவில் தேதியை மாற்றும் கருவியிடம் ஓர் இரவின் முறையை இரண்டாக வெட்டக் கொடுப்பர். எற்பாட்டின் ‘பாடு’ வேறு, இப்பாடு வேறு. ஆயினும் இரண்டிலும் பொழுதை வரையறுப்பது நள்ளிரவுக் கோடு அன்று.

இரண்டாம் இரவு

தரவின் கட்டமைப்பே இதற்கு இடம் தருகிறது என்பதே வியப்பு. காலை, பிற்பகல், மாலை, இரவு ஒவ்வொன்றுக்கும் இவ்விரு பெட்டிகள் அதில் உள்ளன. தமிழ் முதல் மூன்றிலும் இரண்டையும் நிரப்பிக்கொண்டது. இரவில் ஒன்றை மட்டுமே பயன்படுத்தியது. சப்பானிய மொழி 23 மணிக்குப் பின் தன் இரண்டாம் இரவைத் தொடங்குகிறது. தமிழின் இரண்டாம் இரவுப் பெட்டிக்குச் சொல் தேடவும் வேண்டியதில்லை. பின்னிரவு, சாமம் இரண்டும் ஏட்டிலும் பேச்சிலும் வாழ்கின்றன. 00 முதல் 2 வரை பின்னிரவு, 2 முதல் 6 வரை அதிகாலை, 6 முதல் 7 வரை அந்தி மாலை, 7 முதல் நள்ளிரவு வரை இரவு என்று மாற்றினால், பிழைகளிற் பெரும்பாலானவை நீங்கும். அதிகாலை 2 மணிக்குத் தொடங்குவது நாளிதழ் நடைக்கும் பள்ளிப் பட்டியலின் வைகறைக்கும் ஒருங்கே ஒத்தது.

அதிகாலை 2 மணியா 3 மணியா என்பதில் வட்டார வேறுபாடு இருக்கும் என மறுப்போர் கூறலாம். அம்மறுப்பு நியாயமானது. தென்மாவட்டங்களில் ஒருவர் 2 மணியை நடுச்சாமம் என்றே சொல்லக்கூடும். ஆனால் தரவு இப்போது கொண்டுள்ள 3 மணிக்கும் அதே மறுப்பு பொருந்தும்; இரண்டில் எது தவறாகப் படிக்கப்பட்டால் தீங்கு குறைவு என்பதே இங்கு அளவுகோல். 2.30 மணியை அதிகாலை என்று படித்த ஒருவர் சொல்லை மிகை என்று கருதலாம், நாளைத் தவறவிடமாட்டார்.

00 முதல் 2 வரையுள்ள இரண்டு மணி நேரத்திற்கு மட்டும் எந்தப் பெயரும் முழுத்தீர்வாகாது. ‘15ஆம் தேதி பின்னிரவு 1.30’ என்பதும் 15இன் இரவாகவே படிக்கப்படும். அங்குச் செயலி எழுதுவோர் தரவை நம்பாமல், மொழி முன்பே வைத்திருக்கும் வடிவத்தை எடுத்தாள வேண்டும்: ‘14 ஞாயிறு இரவு 1.30 மணி, விடிந்தால் 15 திங்கள்’. கட்டத்தில் அடங்காத அளவுக்கு நீளமானது என்று வடிவமைப்பாளர் தயங்குவர். எச்சரிக்கைச் செய்தியில் அவ்வளவு இடம் இருக்கிறது.